ஒன்பது நாற்பது மழை

போன ஆனி மாதம் எங்கள் ஊர் மழையை ஒரு ஜெர்மன்காரரிடம் ஒப்படைத்தார்கள். அதற்கு முன் அதைக் கவனித்துக்கொண்டவர் உள்ளூர்க்காரர். நல்ல மனிதர். மழை எப்போது என்று கேட்டால், "வந்துட்டே இருக்குதுங்க" என்பார்.

புதிதாக வந்தவர் பெயர் கெர்லிண்ட். ஐம்பது வயதுப் பெண்மணி. ஒரு பெட்டியும் ஒரு குடையும் கொண்டுவந்தார். மறுநாளே வார்டு வாரியாக மழை நேரத்தை அச்சடித்துப் பேருந்து நிலையத்தில் ஒட்டிவிட்டார். எங்கள் ஏழாவது வார்டுக்குக் காலை ஒன்பது நாற்பது முதல் பத்து ஐந்து வரை. மழை அப்படியே வந்து அப்படியே நின்றது. பத்து ஆறுக்குத் துணி காயப்போட்டோம்.

"ஜெர்மன்காரங்கன்னா சும்மாவா" என்றார் அப்பா. முப்பது வருடம் லேத் பட்டறை நடத்தியவர். எங்கள் பூஜையறையில் முருகனுக்குப் பக்கத்தில் ஒரு ஜெர்மன் இயந்திரத்தின் படம் இருக்கிறது.

ஆவணியில் என் தங்கை பூங்கோதைக்குக் கல்யாணம். வீட்டை ஒட்டிய காலி இடத்தில் கீற்றுப் பந்தல். முகூர்த்தம் ஒன்பதரை முதல் பத்தேகால் வரை. ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போன கல்யாணம். இன்னொரு முறை தள்ளினால் வேறு பெண் பார்ப்பதாக மாப்பிள்ளை வீட்டார் சொல்லியிருந்தார்கள்.

நானும் அப்பாவும் ஒரு தட்டில் பழம் வைத்துக்கொண்டு கெர்லிண்டின் அலுவலகத்துக்குப் போனோம். அன்று ஒரு நாள் மட்டும் மழையை மாற்றி வைக்கும்படி கேட்டோம்.

"முடியாது" என்றார் கெர்லிண்ட். பழத்தையும் திருப்பிக் கொடுத்தார். அதில் ஒன்று அடிபட்டிருப்பதைக் காட்டினார்.

எங்கள் ஊரில் யாரும் முடியாது என்று சொல்வதில்லை. பார்க்கலாம் என்பார்கள், அடுத்த வாரம் வாருங்கள் என்பார்கள். அப்பா வாசலில் நின்று அந்தச் சொல்லை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார்.

"எவ்வளவு தெளிவா இருக்குது பாரு. இனி இங்க நடையா நடக்க வேண்டியதில்ல."

பூங்கோதை அன்று சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவள் திரும்பிக் கேட்டாள்: "மழைய மாத்த முடியாது, சரி. வேற வழி இருக்குதான்னு கேட்டீங்களாண்ணா?"

நாங்கள் கேட்கவில்லை.

காலையில் அவளே போனாள். திரும்பும்போது கெர்லிண்டும் கூட வந்தார், கையில் அளவு நாடாவோடு. காலி இடத்தை முழங்கால் மண்ணில் பட அளந்தார். வார்டு எல்லை பந்தலின் நடுவே போனது. "மணவறையைப் பதினோரு அடி கிழக்கே நகர்த்துங்கள். அது எட்டாவது வார்டு. அங்கே மழை மதியம் இரண்டு மணிக்குத்தான்" என்றார். "நேற்று இதை நீங்கள் கேட்கவில்லை."

கல்யாணப் பத்திரிகையில் எட்டு மணி என்று போட்டிருந்தோம். அன்று ஏழு ஐம்பத்தைந்துக்கே கெர்லிண்ட் பட்டுப் புடவையில் வந்துவிட்டார். அப்போது பந்தலில் சமையல்காரர் பழனியப்பன் மட்டும்தான் இருந்தார். மற்றவர்கள் வரும்வரை கெர்லிண்ட் நாற்காலிகளை நேராக்கினார்.

ஒன்பது நாற்பதுக்கு மழை வந்தது. பந்தலின் மேற்குப் பாதியில் கொட்டி, கோட்டோடு நின்றது. கிழக்கே ஓமத் தீ நன்றாக எரிந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஏழாவது வார்டில் நனைந்தபடி உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் மாமா கோட்டுக்கு இந்தப்புறமும் அந்தப்புறமும் கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "வெட்டுச் சுத்தம்" என்றார். ஒன்பது ஐம்பத்திரண்டுக்குத் தாலி கட்டினார்கள். அட்சதை போடும்போது பூங்கோதை அழுதாள். நானும்தான்.

பந்தியில் அப்பா கெர்லிண்டிடம் சாம்பார் எப்படி என்று கேட்டார்.

"உப்பு அதிகம்."

பழனியப்பன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து கும்பிட்டார். "இருபது வருசமா யாரும் சொல்லலைங்க."

ஜெர்மன்காரர்கள் சிரிக்கவே மாட்டார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. பூங்கோதை அவர் காதில் ஏதோ சொல்ல, கெர்லிண்ட் வெகுநேரம் சிரித்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை, அவருக்கு விடுமுறை.

ஐப்பசியில் முப்பது நாள் விடுப்பில் போனார். போன் எடுக்கவில்லை. ஊரில் மழையும் இல்லை. பத்தாம் நாள் ஒரு கடற்கரையிலிருந்து படம் போட்ட அட்டை வந்தது. மணலில் இரண்டு சாய்வு நாற்காலிகள். ஒன்றில் கெர்லிண்ட் புத்தகம் படித்துக்கொண்டிருந்தார். இன்னொன்றில் கால் நீட்டி மழை படுத்திருந்தது. நன்றாகக் கறுத்திருந்தது.

"சாப்பாடெல்லாம் ஒத்துக்குதான்னு கேட்டு எழுது" என்றார் அப்பா.

இரண்டு பேருக்கும் சேர்த்து எழுதினேன்.