ராஜகுரு உருவிக்கொண்டு போன டிஸ்க்

“ரூட் டிவைஸ் நாட் ஃபவுண்ட்.” கறுப்புத் திரையில் அந்த ஒற்றை வரி வந்து நின்றபோது, யூனுஸின் ஏழு தலைமுறை மானமும் நாகமலை புதுக்கோட்டைச் சாலையில் லாரிக்கடியில் விழுந்தது.

பென் டிரைவைச் செருகினால் போதும், எந்தக் கம்ப்யூட்டரும் அதிலிருந்தே லினக்ஸில் எழுந்துகொள்ளும் என்று சொல்லித்தான் அவன் அந்தக் கல்லூரிக்கு வந்திருந்தான். ஆய்வகத்தின் அத்தனை கம்ப்யூட்டர்களையும் பராமரிக்கும் வேலை இன்று ஒருவன் கைக்குப் போகும். யூனுஸ், இல்லையென்றால் பக்கத்து நாற்காலி ராஜகுரு. தல்லாகுளத்தில் ஒரே கடையின் கூட்டாளிகளாக இருந்தவர்கள். இப்போது ஒருவன் நிழல் பட்டால் மற்றவனுக்குக் கொப்புளம் வரும்.

“என்ன மாப்ள, வண்டி மேட்டுல ஏறலயா?” என்றான் ராஜகுரு. “மேடம், இவரு சரக்கு இவரு கடையில மட்டுந்தான் ஓடும்.”

“பல்ல வெளக்கிட்டு வந்து பேசு” என்றான் யூனுஸ்.

ஆய்வகப் பொறுப்பாளர் ராதாமணி நிமிரவில்லை. “இன்னொரு வார்த்த பேசுனா ரெண்டு பேருமே கேட்டுக்கு வெளிய. பெல் அடிக்கிற வரைக்கும் பாருங்க, யூனுஸ்.”

கடையில் நூறு தடவை ஓடியது இங்கே ஏன் படுத்துக்கொண்டது? யோசித்தவனுக்குக் கடைக் கம்ப்யூட்டர் கண்ணில் வந்தது. பாகம் பிரித்த அன்று ராஜகுரு விட்டுவைத்தது சுவரையும் யூனுஸின் மூக்கையும்தான். கம்ப்யூட்டரின் வயிற்றைத் திறந்து ஹார்ட் டிஸ்க்கைக்கூட உருவிக்கொண்டு போனான். வீம்புக்கு யூனுஸும் வேறு வாங்கவில்லை. அந்த வெற்றுக் கூட்டில் வைத்தே இந்தப் பென் டிரைவை உருவாக்கினான். டிஸ்க் இல்லாத பெட்டியில் பென் டிரைவ்தானே முதல் டிஸ்க்? லினக்ஸ் குடியிருக்கும் இடத்துக்குத்தான் ரூட் என்று பெயர்; ‘ரூட் முதல் டிஸ்க்கில் இருக்கிறது’ என்று அதில் எழுதிவிட்டான். இங்கே முதல் டிஸ்க் கல்லூரியுடையது. பாவம், லினக்ஸ் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது.

மறுபடி இயக்கி, எடுத்த எடுப்பில் வரும் திரையிலேயே நிறுத்தி, ‘முதல் டிஸ்க்’ என்றிருந்ததை அழித்தான். அந்த இடத்தில் பென் டிரைவுக்கு வைத்திருந்த பெயரை அடித்தான்.

“இப்ப எம்புட்டு டிஸ்க் இருந்தாலும் பேரச் சொல்லித் தேடிக்கிரும், மேடம்.”

“முதல்ல எந்திரிக்கட்டும்” என்று ராஜகுரு நாற்காலியை நெருக்கிப் போட்டான்.

எழுந்தது. வரிகள் மாட்டுத்தாவணிப் பஸ்களைப் போல் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு ஓடின. ராதாமணி கண்ணாடியை மாட்டித் திரைமேல் குனிந்தார். யூனுஸ் மட்டும் மேசைக்கடியில் பார்த்துக்கொண்டிருந்தான். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்த ராஜகுருவின் வலதுகால், பாம்பாட்டம் ஊர்ந்து அந்தக் கம்ப்யூட்டருக்குக் கரண்ட் போகும் சுவிட்சுப் பலகையை எட்டியிருந்தது. கத்தினால் இரண்டு பேரும் வெளியே.

மேலே வரிகள் ஓடிக்கொண்டிருந்தன. கீழே சுவிட்சின் மேல் அந்தக் கட்டைவிரல் அசையாமல் இருந்தது. நகத்தைச் சுற்றிச் சிவப்பு வெளிச்சம் கசிந்தது.