ஏழாம் வரி

எங்கள் ஊரிலிருந்து ஆண்டுக்கு ஒரு குடும்பம் ஆங்கிலப் பொதுத்தேர்வின் பத்திக்குள் போய் இருந்துவிட்டு வரவேண்டும். வினாத்தாளில் 'கீழே உள்ள பத்தியைப் படித்து விடை எழுதுக' என்று ஒன்று வருமே, அந்தப் பத்திக்குள். இந்த ஆண்டு எங்கள் முறை. கடிதம் கார்த்திகையிலேயே வந்துவிட்டது. தேர்வு பங்குனியில் என்பதால் வீட்டுக்கு வெள்ளையடிக்கக்கூட நேரம் இருந்தது.

போவது பெரிய காரியம் இல்லை. காலை பத்து மணிக்கு உள்ளே போனால் ஒரு மணிக்கு மணி அடித்ததும் வேலை முடிந்தது. திரும்பி வருவதில்தான் ஒரு நிபந்தனை. தன்னைப் பற்றிய வரியை மாநிலத்தில் ஒரே ஒரு மாணவராவது படித்திருக்க வேண்டும். படித்திருந்தால் அன்று மாலையே பேருந்தில் வந்துவிடலாம். யாரும் படிக்காதவர் வருவதில்லை. போன ஆண்டு தபால்காரர் குடும்பம் போனபோது அவருடைய மாமனார் வரவில்லை. அவருடைய மூக்குக்கண்ணாடி மட்டும் ஓர் உறையில் வந்தது. ரேஷன் கார்டில் பெயரை நீக்கிவிட்டு, அவருக்குப் பிடித்த அதிரசத்தைச் சுட்டு அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தார்கள். நானும் இரண்டு தின்றேன்.

நான் ஆங்கில டியூஷன் நடத்துகிறவன். சைக்கிள் கடை மாடியில், இருபத்திரண்டு ஆண்டுகளாக. குணசீலன் சாரிடம் போனால் ஃபெயில் ஆக முடியாது என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். ஆனால் உண்மை.

என் முறை எளிது. பத்தியைப் படிக்கவே கூடாது. நேராகக் கேள்விக்குப் போகவேண்டும். கேள்வியில் கனமாக இருக்கும் சொல்லைப் பென்சிலால் வட்டமிட்டு, அதே சொல் பத்தியில் எங்கே இருக்கிறது என்று தேடவேண்டும். கிடைத்ததும் அந்த வரியை அப்படியே எழுதிவிட வேண்டும். எதற்கும் இருக்கட்டும் என்று அடுத்த வரியையும் சேர்த்து எழுதலாம். கூட எழுதியதற்காக யாரும் மார்க்கைக் குறைப்பதில்லை. தலைப்பு கேட்டால் முதல் வரியிலிருந்து ஒரு பெயரைப் பிடுங்கிப் போட்டால் போதும். "முழுசா படிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா எப்படா எழுதுவ?" என்று கேட்பேன். வகுப்பே சிரிக்கும். என்னிடம் படித்தவர்களில் நாற்பது பேர் இன்று ஆங்கில ஆசிரியர்கள். அவர்களிடம் படித்தவர்களும் ஆசிரியர்களாகிவிட்டார்கள். மாநிலத்தில் என் முறை போகாத பள்ளிக்கூடம் இல்லை என்று கேள்வி.

தை மாதம், வரி எழுதுவதற்கு அலுவலர் வந்தார். தேவசகாயம் என்று பெயர். மூன்று நாள் எங்கள் கூடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் பன்னிரண்டு வரி எழுதி முடித்தார். முதல் வரி ஊருக்கு. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது எனக்கும் என் டியூஷனுக்கும். ஐந்தாவதும் ஆறாவதும் எங்கள் நாய் பீமனுக்கு. ஏழாவது என் மனைவி மங்கையர்க்கரசிக்கு. எட்டிலிருந்து பன்னிரண்டு வரை தெருவுக்கும் மழைக்கும் போய்விட்டது.

அரசி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் தாலுகா ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிறவள். குத்துவதே தெரியாது என்பார்கள். தன் வரியைத் தமிழில் சொல்லும்படி கேட்டாள். அலுவலர் சொன்னார்: "அவருடைய மனைவி நாள்தோறும் அந்தி நேரத்தில் வாசல் விளக்கைப் போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாத ஒன்றை நினைத்தபடி சற்று நேரம் நிற்பாள்."

"அப்படி என்ன நினைக்கிறா?" என்று நான் அலுவலரைக் கேட்டேன்.

"அது நமக்குத் தெரியாதுங்க சார். பாத்ததத்தான் எழுதுறேன்."

அரசி கீரைத்தண்டை ஒடித்துப் போட்டாள். நிமிரவில்லை.

அன்று மத்தியானம் பழைய வினாத்தாள்களைத் தரையில் பரப்பினேன். பதினெட்டு ஆண்டுத் தாள்கள். ஏழாம் வரியிலிருந்து ஒரு கேள்விகூட வந்ததில்லை. கேள்வி போடுகிறவர்கள் தலைப்பக்கம் மூன்று, வால்பக்கம் ஒன்று என்று எடுத்துக்கொண்டு நடுவயிற்றை விட்டுவிடுகிறார்கள். தபால்காரரின் மாமனாரும் ஏழாம் வரியில்தான் இருந்திருக்கிறார். எனக்கு அப்போதுதான் பயம் வந்தது.

அலுவலர் தங்கியிருந்த லாட்ஜுக்கு ஓடினேன்.

"என்னை ஏழுல போட்டுட்டு அவளை ரெண்டுக்கு மாத்துங்க."

"பதிவாயிடுச்சு சார்."

"அப்ப என் வரியிலயே அவளையும் சேத்து எழுதிடுங்க. ஒரு ஓரமா நிப்பா."

"நீளமான வரிய பசங்க பாதியிலேயே விட்டுடுவாங்க சார். நீங்கதான சொல்லிக்குடுத்தீங்க. நான் உங்க ரெண்டாயிரத்து நாலு பேட்ச்."

எனக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. வாழ்த்திவிட்டு வந்தேன்.

வீட்டில் அரசி கேட்டாள். "ஏங்க, ஒருத்தர்கூடவா படிக்க மாட்டாங்க?"

"படிப்பாங்க. லட்சக்கணக்குல எழுதுறாங்க."

"எல்லாம் உங்க பிள்ளைங்கதான?"

"ஆமா."

"அப்ப படிக்க மாட்டாங்க," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சோறு போட்டாள். தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். என் வினை என்னை விட்டுவிட்டு அவளைச் சுடப் பார்த்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் வகுப்பில், இனிமேல் பத்தியை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்கவேண்டும் என்றேன். பிள்ளைகள் அதை நோட்டில் எழுதி அடிக்கோடிட்டார்கள். பிறகு ஒரு பத்தியைக் கொடுத்தேன். பென்சிலை எடுத்து வட்டம் போட ஆரம்பித்தார்கள். அந்த வாரமே ஒரு பையனின் அப்பா வந்து, "சார், கடைசி நேரத்துல ரூட்டை மாத்தாதீங்க. எங்க அக்கா பையன் உங்க மெத்தட்லதான் டாக்டர் ஆனான்" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

என்னிடம் படித்த நாற்பது ஆசிரியர்களுக்கும் கடிதம் எழுதினேன். 'உங்கள் மாணவர்களில் யாரேனும் ஒருவரையாவது ஏழாம் வரியைப் படிக்கச் சொல்லுங்கள். அதில் என் மனைவி இருக்கிறாள்.' நாற்பது பேரும் மரியாதையாகப் பதில் போட்டார்கள். ஒவ்வொருவரும் என் கடிதத்தில் 'ஏழாம்' என்ற சொல்லை வட்டமிட்டு, அந்த வரியை அழகாகப் பார்த்து எழுதி, எதற்கும் இருக்கட்டும் என்று அடுத்த வரியையும் சேர்த்து அனுப்பியிருந்தார்கள்.

தேர்வு அன்று பத்து மணிக்கு உள்ளே போனோம்.

பத்தி எங்கள் வீடு போலவேதான் இருந்தது. வரிகளில் எழுதாத இடங்கள் மட்டும் காணோம். அவரவர் வரிக்குப் போகுமுன் சமையலறைக் கதவைத் திறந்தேன், வெள்ளைத் தாள்தான் தெரிந்தது. என் வரியில் காலை நேரம். நான் சைக்கிள் கடை மாடிப்படியில் ஏறிக்கொண்டே இருந்தேன். பீமன் வாசற்கதவருகே படுத்திருந்தது. அதற்குக் கீழே ஏழாம் வரியில் அந்தி. அரசி முதுகைக் காட்டிக்கொண்டு, சுவிட்சில் கை வைத்து நின்றாள். எனக்குத் திரும்ப அனுமதி இல்லாததால் படி வளைகிற இடத்தில் மட்டும் அவளைக் கடைக்கண்ணால் பார்க்க முடிந்தது.

தெருவின் அடியில் ஐந்து கேள்விகள் வந்து நின்றன. குணசீலன் எங்கே டியூஷன் நடத்துகிறார்? எத்தனை ஆண்டுகளாக? நாயின் பெயர் என்ன? நாய் எதைக் காவல் காக்கிறது? பத்திக்குத் தலைப்பு தருக. நாய்க்கு இரண்டு, எனக்கு இரண்டு. தலைப்புக் கேள்விக்காக முழுப் பத்தியையும் யாராவது படிப்பார்களா என்று ஒரு நிமிடம் ஆசைப்பட்டேன். பிறகு முதல் வரியிலிருந்து எங்கள் ஊரின் பெயர் ஆயிரம் ஆயிரமாகப் பிடுங்கப்படும் சத்தம் கேட்டது.

படிக்கிற கண் மேலே பட்டால் இளவெயில் பட்டது போல் இருக்கும். ஒன்றிரண்டுதான் பட்டன. மற்றவர்கள் சொல்லைக் கண்டதும் எழுதத் தொடங்கினார்கள். எழுதுவது வேறு. பேனா முனை சட்டைமேல் ஊர்வது தெரியும். சூடு இருக்காது.

"அரசி!" என்று கூப்பிட்டேன்.

"ம்."

"யாராவது வந்தாங்களா?"

"வர்றாங்க. நாய்க்குப் பதில் எழுதிட்டு, அப்படியே என்னையும் சேத்து எழுதுறாங்க. ஒருத்தரும் படிக்கலைங்க. குளுருது."

மணி பன்னிரண்டரை இருக்கும். என்ன செய்வதென்று தெரியவில்லை. செய்யவும் என் வரியில் எதுவும் இல்லை. படி ஏறினேன்.

"அரசி, தெனம் விளக்கப் போட்டுட்டு என்னதான் நினைப்ப?"

அவள் சிரித்தாள் என்று நினைக்கிறேன். "இருபத்தாறு வருஷமா அதே வாசல்ல செருப்பக் கழட்டிப் போட்டுட்டு உள்ள போனீங்க. இப்பதான் கேக்கணும்னு தோணுச்சாக்கும்."

"தப்புதான். இப்ப சொல்லு."

"சொல்ல முடியாதுங்க. சொன்னா அது யாருகிட்டயும் சொல்லாததா இருக்காது. வரி தப்பாயிடும். இத்தன பிள்ளைங்க எழுதிட்டாங்க, பாவம்."

அழுதிருப்பேன், என் வரியில் அது இல்லை. மணி அடித்தது.

மாலைப் பேருந்தில் நானும் பீமனும் வந்தோம். பீமனுக்கு ஜன்னலோர இருக்கை கொடுத்தார்கள். அன்று அந்தியில் வாசல் விளக்கை யாரும் போடவில்லை. நான் போடவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இருட்டில் செருப்பு இடறிய பிறகுதான் தெரிந்தது.

விடைத்தாள் திருத்தி முடித்ததும் தேவசகாயம் ஒரு படிவத்தோடு வந்தார். ஏழாம் வரியைப் படித்தவர்கள் யாரும் இல்லை. எழுதியவர்கள் மூன்று லட்சத்து எண்பதாயிரத்துச் சொச்சம் பேர்.

"நான் இப்ப படிக்கிறேன்," என்றேன். "உங்க முன்னாடியே படிக்கிறேன். வரியைக் குடுங்க."

"உங்ககிட்ட ஹால் டிக்கெட் இல்லீங்களே சார்."

"அப்ப அவ வரமாட்டாளா?"

"யாரும் படிக்காதவங்கள அனுப்பக்கூடாது. அதே சமயம் இத்தன பேரு எழுதினவங்கள அனுப்பாமலும் இருக்க முடியாது. மேல பேசிட்டோம் சார். எழுதினபடியே அனுப்பிடறோம்."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் மாலை ஐந்தே முக்கால் பேருந்தில் அரசி வந்தாள். இடது பக்கம் சாய்ந்தபடி நடந்தாள். இவளை எழுதியது சாய்த்து எழுதுகிற பிள்ளை போலிருக்கிறது. நேராக வந்து விளக்கைப் போட்டுவிட்டு நின்றாள். நான் செருப்பைக் கழற்றாமல் அருகில் போனேன்.

"என்ன நினைக்கிற?"

"யாரிடமும் சொல்லாத ஒன்றை," என்றாள்.

"அதான் என்ன?"

"அது வரியில இல்ல."

சற்று நேரம் நின்றுவிட்டுச் சுவரோரம் ஒதுங்கிக்கொண்டாள். அடுத்த பேருந்தில் வந்தவள் குட்டையாக, நெருக்கமாக இருந்தாள். அவளுக்கு மோதிரவிரல் விட்டுப்போயிருந்தது. மூன்றாமவள் மேல் தோளிலிருந்து இடுப்பு வரை ஒரு சிவப்புக் கோடு. திருத்தியவர் வேண்டாத வரி என்று அடித்திருக்கிறார். ஒருத்தி பாதியில் நின்றுவிட்டவள். விளக்கைப் போட்டாள், அதற்குமேல் அவளிடம் எதுவும் இல்லை. எல்லோரையும் கேட்டேன். எல்லோரும் ஒன்றை நினைத்தார்கள். அது என்னவென்று ஒருத்திக்கும் தெரியவில்லை. தெரிந்தவள் ஒருத்திதான், அவள் வரவில்லை. பீமன் ஒவ்வொருத்தியின் காலையும் முகர்ந்துவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பியது.

அம்மாதக் கடைசியில் வீட்டில் இடம் போதவில்லை. சைக்கிள் கடை மாடியைத் திறந்துவிட்டேன். பெஞ்சுகளில் உட்கார்ந்துகொள்கிறார்கள். சத்தம் போடுவதில்லை. அந்தி நேரத்தில் ஒரே சுவிட்சை வரிசையாக வந்து போடுகிறார்கள். அணைப்பது என் பொறுப்பு.

இன்று ஐந்தே முக்காலுக்குப் பதினோரு பேர் இறங்கினார்கள். மாடிப்படியில் வரிசையாக நின்றார்கள். முதலில் நின்றவளின் எழுத்து மிக அழகு. முகம், தலைமுடியின் நரை, கழுத்தில் இருந்த மச்சம், எதுவும் பிசகவில்லை. என் அரசியேதான் என்று எழுந்து நின்றுவிட்டேன்.

அவள் வாசலுக்கு வெளியே நின்று, வலது கையை முன்னால் நீட்டி, "மே ஐ கம் இன் சார்?" என்றாள்.

"எஸ், கம் இன்," என்றேன்.