ஷெரின் இலவச இசைக்கூடம்

வைகுண்டராஜ் வாயில் பொய் வராது என்று கம்பம் பஜாரில் பேர். பாத்திரக்கடைக்காரருக்கு அப்படி ஒரு பேர் கிடைப்பது லேசான காரியமா? அந்த மனிதர் ஆயுசில் சொன்ன பெரிய பொய் ஒன்றே ஒன்றுதான். தேனிக்குக் குடிவந்த புதிதில், அல்லிநகரத்தில் கடை திறந்த வாரத்தில் சொன்னது. பக்கத்தில் ப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிற கர்ணன் டீயை நீட்டிக்கொண்டே, "அண்ணாச்சிக்குப் பிள்ளைக எத்தன?" என்று கேட்டான்.

"ஒரே மக. தவறிட்டா" என்றார். சொல்லிவிட்டு அந்த டீயையும் குடித்தார். அட பாவி மனுசா!

ஷெரின் குமுளிப் பக்கம் புருஷனோடு குத்துக்கல்லாட்டம் இருந்தாள். கம்பத்தில் இருந்த காலத்தில் அவள் சர்ச்சில் கீபோர்டு வாசிப்பாள். ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போகிற பெண்களின் பிள்ளைகள், அம்மாமார் திரும்பும்வரை தெருவில் கிடப்பதைப் பார்த்து, அவர்களைக் கூட்டிவந்து முன்னறையில் உட்காரவைத்து வாசிக்கக் கற்றுக்கொடுத்தாள். சும்மாதான், காசு வாங்காமல். வைகுண்டராஜுக்கு அது பொறுக்கவில்லை. "ஓசின்னா ஊரே வந்து உக்காரும்" என்று கீபோர்டை உள்ளறையில் வைத்துப் பூட்டினார். அந்தப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுக்கொண்டிருந்தவன் சுருளிவேல் என்கிற ஜீப் டிரைவர். ஒருநாள் ஷெரின் அவனோடு போய்விட்டாள். கீபோர்டைப் பூட்டத் தெரிந்தவருக்கு மகளைப் பூட்டத் தெரியவில்லை.

வேற்று மதம், வேற்றுச் சாதி, ஜீப் டிரைவர். கம்பம் பஜாரில் தலைநிமிர்ந்து நடக்க முடியவில்லை அவருக்கு. கடையை ஏறக்கட்டிவிட்டுத் தேனிக்கு வந்தார். இங்கே அவரை யாருக்கும் தெரியாது. மகளை இழந்தவர் என்று ஊரே அவரிடம் இரங்கிப் பேசியது. சர்ச்சில் பாஸ்டர் அவருடைய ஆறுதலுக்காக ஜெபம் பண்ணினார். வைகுண்டராஜ் கண்ணை மூடிக்கொண்டு ஆமென் சொன்னார்.

அவர் மனைவி சுகிர்தம் மகளோடு போனில் பேசுவதை விடவில்லை. அடுப்படியில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு பேசுவாள். இவருக்கும் தெரியும், தெரியாத மாதிரி பேப்பர் படிப்பார். அப்படி இருக்கையில் ஷெரினுக்குப் பெண்குழந்தை பிறந்தது. சுகிர்தம் மறதியாக மேசைமேல் வைத்துவிட்டுப் போன போனில் அந்தப் படத்தைப் பார்த்தார். உண்மையில் அது மறதிதானா என்பது சுகிர்தத்துக்கே வெளிச்சம். குழந்தைக்கு அப்படியே இவருடைய காது. அன்றைக்கு மனிதர் கடைக்குப் போகவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்து அழுதார்.

சரி, மனசு இரங்கிவிட்டது. ஒரு போன் போட்டு, "வா ஆத்தா" என்றால் தீர்ந்தது. ரெண்டே சொல். அதற்கு வாய் வராமல் மனிதர் ஒரு அறக்கட்டளையே ஆரம்பித்தார்!

குடோனுக்கு மேலே இருந்த நீள அறையைக் காலிபண்ணி வெள்ளையடித்தார். மதுரைக்குப் போய்க் கீபோர்டுகள், கித்தார்கள், ரெண்டு வயலின், ஒரு ஜோடி தபலா வாங்கிவந்தார். படிக்கிற பிள்ளைகள், வேலைக்குப் போகிற இளவட்டங்கள், யார் வேண்டுமானாலும் வந்து கற்றுக்கொள்ளலாம். நூலகத்தில் புஸ்தகம் எடுக்கிற மாதிரி கருவியை வீட்டுக்கும் கொண்டுபோகலாம். கட்டணம் என்ற பேச்சே கிடையாது. தோட்ட வேலைக்குப் போகிற பெண்களின் பிள்ளைகளுக்கு முதல் இடம் என்று அவரே வீடுவீடாகப் போய்ச் சொன்னார். பதிவு பண்ணுகிற ஆபீசில் பேர் கேட்டார்கள். "ஷெரின் இலவச இசைக்கூடம்" என்றார்.

சுகிர்தம் அன்றைக்குக் குழாயைத் திறக்காமலே மகளோடு பேசினாள்.

"அப்பாவா? எம் பேரையா வச்சிருக்காக?" என்று ஷெரின் அந்தப் பக்கம் விக்கி அழுதது இவர் காதிலும் விழுந்தது. திறப்பு விழாவுக்குப் புருஷன், பிள்ளையோடு வருவதாகச் சொன்னாள். வைகுண்டராஜ் எழுந்துபோய் ஒரு தொட்டில் வாங்கிவந்தார்.

விழா ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். காலையில் கர்ணன் ப்ளெக்ஸ் போர்டைத் தூக்கிவந்து வாசலில் கட்டினான். ஷெரின் படம். படத்துக்கு ரெண்டு பக்கமும் எரிகிற குத்துவிளக்கு. கீழே கொட்டை எழுத்தில் 'ஷெரின் நினைவு இலவச இசைக்கூடம்'.

வைகுண்டராஜ் ஓடிவந்தார். "ஏலே கர்ணா! நினைவுன்னு யாருலே போடச் சொன்னது?"

"நீங்க சொல்லயில விட்டுப்போச்சுன்னு நானாத்தேன் சேத்தேன் அண்ணாச்சி. தவறுனவுக பேருல வைக்கிறப்ப நினைவு இல்லாம எப்படி?"

நியாயமான கேள்விதான். உண்மையைச் சொல்லுவதற்கு அதைவிட நல்ல இடம் வாய்க்குமா? இவர் சொன்னது, "கழட்டு, கழட்டு. அப்புறம் பாத்துக்கலாம்" என்பது மட்டும். கர்ணன் பாவம், விளக்குப் படம் பிடிக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டு கழற்றிச் சுருட்டினான்.

சுகிர்தம் படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "போர்டக் கழட்டிட்டீக. அவ இருக்கான்னு அந்தத் தம்பிகிட்ட சொன்னீகளா?"

"விழாவுல நான் பேசுறப்ப எல்லாருக்கும் சேத்துச் சொல்லிர்றேன்."

"சொல்லுவீகளா?"

"சொல்றேன்டி. எம் பிள்ளைக்குச் சொல்ல மாட்டனா?"

மத்தியானம் அறை நிறைந்துவிட்டது. பஜார்க்காரர்கள் வந்தார்கள், சர்ச்சிலிருந்து வந்தார்கள், பிள்ளைகள் தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்து கீபோர்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தன. பாஸ்டர் ஜெபம் பண்ணித் தொடங்கிவைத்தார். "சின்னமனூர் தாண்டிட்டாளாம்" என்று சுகிர்தம் முன்வரிசையிலிருந்து வாயசைத்துச் சொன்னாள். வைகுண்டராஜுக்கு நாற்காலியில் இருப்புக்கொள்ளவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விழாவை நடத்திக்கொடுத்தவர் நல்லகண்ணு, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மைக் பிடிப்பதில் கெட்டிக்காரர். யாரும் சொல்லிக்கொடுக்காமலே முறை தெரிந்தவர். பாடகர் குழு ஒரு பாட்டுப் பாடி முடித்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இந்த இசைக்கூடத்துக்குக் காரணமான, இளம் வயதில் நம்மை விட்டுப் பிரிந்த அன்புச் செல்வி ஷெரினுக்காக, அனைவரும் எழுந்து நின்று ஒரு நிமிட மௌன அஞ்சலி செலுத்துவோம்."

நாற்காலிகள் நகர்கிற சத்தம் கேட்டது. எல்லோரும் எழுந்தார்கள். பிள்ளைகளும் எழுந்தன.

மைக் கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தது. "சார், எம் மக இருக்கா." இவ்வளவுதான் சொல்லவேண்டும். வைகுண்டராஜ் வாயைக்கூடத் திறந்தார். பாஸ்டர் எதிரே கண்ணை மூடி நின்றார். இத்தனை நாளும் எவள் செத்ததாக நம்பி இந்த மனுஷன் ஜெபித்தார்? பஜார்க்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். இத்தனை பேருக்கும் நடுவில், நான் சொன்னது பொய் என்று எப்படிச் சொல்வது? எல்லோரும் பேசாமல் நிற்கிறபோது குறுக்கே பேசுவது மரியாதையா? இது முடியட்டும், அடுத்து நான்தானே பேசப்போகிறேன் என்று நினைத்தார். தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த அறையில் எழுந்திருக்காதவள் சுகிர்தம் ஒருத்திதான். கால்வலி போல என்று நினைத்தார்கள்.

"நன்றி. அமரலாம்" என்றார் நல்லகண்ணு. வைகுண்டராஜ் தலையை நிமிர்த்தினார். வாசலில் ஷெரின் நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் குழந்தை. பின்னால் பையோடு சுருளிவேல். எல்லோரும் உட்கார்ந்த பிறகும் அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பிப் படியிறங்கிப் போனாள்.

மேடையிலிருந்து குதித்து ஓடினார். சுகிர்தம் அவருக்கு முன்னே ஓடினாள். இவர் கீழே போய்ச் சேர்ந்தபோது ஷெரின் புருஷனோடு ஆட்டோவில் ஏறியிருந்தாள்.

"ஆத்தா, இரு. மேல வா. இப்பவே மைக்கில சொல்றேன். எல்லாரு முன்னாடியும் சொல்றேன்."

"நான் பக்கத்துல வந்து நின்னா எப்படியும் சொல்லித்தானப்பா ஆகணும்" என்றாள் ஷெரின். அழவில்லை. குரல் மட்டும் கம்மியிருந்தது. "நான் இல்லாதப்ப சொல்றீகளான்னுதான் வாசல்லயே நின்னேன். எல்லாரும் எனக்காக எந்திரிச்சு நிக்கிறாக. சொல்லிருவீக, இப்பச் சொல்லிருவீகன்னு நிமிசம் முடியிற மட்டும் நின்னேம்ப்பா."

குழந்தை அவரைப் பார்த்துக் கையை நீட்டியது. ஷெரின் அந்தக் கையைப் பிடித்து மெதுவாக மடியில் வைத்துக்கொண்டாள். சுகிர்தம் ஆட்டோவில் ஏறி மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எங்கே போகிறாய், எப்போது வருவாய் என்று கேட்கிற தைரியம்கூட மனிதருக்கு இல்லை. ஆட்டோ போய்விட்டது.

மேலே ஸ்பீக்கரில் நல்லகண்ணு அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அடுத்து நிறுவனர் உரை. வைகுண்டராஜ் படியேறிப் போனார். மைக்கை ரெண்டு கையாலும் பிடித்தார்.

"எம் மக சாகல" என்றார். "ஷெரின் சாகல. உசுரோட இருக்கா."

முன்வரிசைப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். நல்லகண்ணு வந்து அவர் தோளை அணைத்துக்கொண்டார். "சத்தியமான வார்த்தை அண்ணாச்சி. இந்தப் பிள்ளைகள் வாசிக்கிற ஒவ்வொரு பாட்டிலயும் அவ உசுரோட இருக்கா."

"அய்யோ, அது இல்ல சார். நெசமாவே இருக்கா. இப்பத்தேன் வந்தா. இந்தா, இங்கன வாசல்ல நின்னா. நான்தான் பொய் சொன்னேன். நான்தான்…"

அதற்குமேல் பேச விடாமல் அழுகை முட்டியது. பாஸ்டர் எழுந்துவந்து அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் நாற்காலியில் உட்காரவைத்தார். "பெத்த மனசு. வந்து நின்ன மாதிரிதான் இருக்கும்" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். கர்ணன் ஓடிவந்து தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினான். எங்கோ ஒருவர் கைதட்ட ஆரம்பித்தார். தரையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளும் சேர்ந்து பலமாகத் தட்டின.