பாண் வண்டிக்குப் பின்னால் ஒரு நித்திரை

நாவற்குடாவில் பாதி ஊரைத் தன் மகள் ஒரே மாலையில் நித்திரையாக்கிவிட்டாள் என்று தினேஸ் சொல்கிறான். நித்திரையானவர்களில் முன்வீட்டுச் சீனிப்பிள்ளை மாமி, அவவுடைய கிடாய் ஆடு, காவலுக்குக் கட்டியிருந்த நாய்கள், கொட்டாவி விட்ட வாயை மூட மறந்துபோன ஒரு தபால்காரர் எல்லோரும் அடக்கம். மகளுக்கு ஒன்பது மாதம். பெயர் அகீலா.

தினேஸின் மனைவி கலாஜினி இதில் ஒரு சொல்லைக்கூட நம்பவில்லை. ஆஸ்பத்திரி வார்ட்டில் நின்று போனில் கேட்டவள், தான் வேலையை விடாமல் இருப்பதற்காகக் கட்டிய கதை இது என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. அவள் தாதி. பிரசவ லீவு முடிந்து பின்னேர டியூட்டிக்குப் போகத் தொடங்கியதிலிருந்து, பொழுதுபட்டால் அகீலா தகப்பனிடம் தூங்க மறுத்தாள். மறுத்தாள் என்பது சின்னச் சொல். சேலையில் கட்டிய ஏணைப் பக்கம் கொண்டு போனாலே பலகை மாதிரி விறைத்துக்கொண்டு அவள் போட்ட சத்தத்தில் தென்னையில் குரும்பட்டி உதிர்ந்தது. வாவியில் வலைக்குள் நின்ற இறால் வெளியே பாய்ந்தது. காகங்கள் குடும்பத்தோடு காத்தான்குடிக்குக் குடிபோயின.

"இன்னும் ரெண்டு நாள் பாப்பன். புள்ள இப்பிடியே கத்தினா மேட்ரனிட்டச் சொல்லிப்போட்டு வேலையால நிண்டுருவன்" என்று கலாஜினி சொல்லியிருந்தாள். அந்த வேலைக்காக அவள் பட்ட பாடு தினேசுக்குத் தெரியும். படிக்கிற காலத்தில் சைக்கிளில் ஏற்றி இறக்கியவனே அவன்தான்.

ஆகவே அவன் குற்றவாளியைத் தேடினான். சத்தம்தான் என்று முடிவு கட்டினான். டிவியை நிறுத்தினான், கேற்றுக்கு எண்ணெய் விட்டான், பல்லியைக்கூட அதட்டி வைத்தான். கடைசியில் மிஞ்சியது பேக்கரியிலிருந்து வரும் பாண் வண்டி. விளக்கு வைக்கிற நேரம் பார்த்து, கண்ணாடிப் பெட்டி நிறையப் பாணும் பணிசுமாக, ஒரு மெட்டை அலறவிட்டபடி றிப்ஷானின் ஆட்டோ வீட்டு முன்னாலுள்ள குறுகிய ஒழுங்கைக்குள் வரும். அது கேட்டதும் பிள்ளையை உள்ளறைக்குக் கொண்டு ஓடிக் கதவைச் சாத்திப் பார்த்த தினேஸ், முடிவில் அவனை மறித்து விஷயத்தைச் சொன்னான். றிப்ஷானும் பிள்ளைக்காரன். மறுபேச்சில்லாமல் மெட்டை நிறுத்திவிட்டு, அன்று முதல் பூனை போல வந்து பூனை போலப் போனான்.

வண்டி வந்ததே தெரியாமல் ஒழுங்கை முழுவதும் பாண் இல்லாமல் கிடந்தது. அகீலாவோ முன்னைவிடப் பெரிதாகக் கத்தினாள்.

பசி பொறுக்காத சீனிப்பிள்ளை மாமி ஒருநாள் பின்னேரம் ஒழுங்கை முகப்பில் போய் நின்று, மெட்டைப் போடாமல் வண்டி உள்ளே வரக்கூடாது என்று றிப்ஷானுக்குக் கட்டளை போட்டா.

மெட்டு ஒலித்தது. தினேஸின் தோளில் வாயைத் திறந்தபடி கிடந்த அகீலா, அந்த வாயை அப்படியே மூடினாள். கண்ணைக் கசக்கினாள். கன்னத்தைத் தகப்பனின் தோளில் சாய்த்தாள்.

மாமி இடுப்பில் கைவைத்துச் சிரித்தா. "லீவில நிக்கக்குள்ள உன்ர பொஞ்சாதி ஒவ்வொரு நாளும் இவளத் தோளில போட்டுத் தட்டித் தட்டித்தான் தம்பி பாண் வாங்கிற. மறுகா உள்ளுக்குப் போய் ஏணையில போட்டிருவா. நீ வேலையால வாறத்துக்குள்ள புள்ள நித்திரை. உனக்கு எங்க விளங்கும்?"

படுக்கிற நேரம் வந்துவிட்டது என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொண்டிருந்த ஒரே சாமானைத்தான் தினேஸ் வாயடைத்து வைத்திருந்தான்.

வண்டி நகர்ந்ததும் அகீலாவின் உதடு துடித்தது. தினேஸ் யோசிக்கவில்லை, பின்னாலேயே நடந்தான். றிப்ஷான் வேகத்தைக் குறைத்தான். ஒழுங்கை ஒழுங்கையாக வண்டி ஊர, தினேஸ் தட்டிக்கொண்டே நடக்க, பாணுக்கு நின்றவர்கள் பாணைப் பிடித்தபடியே கண் சொருகினார்கள்; மாமியும் கிடாயும் நாய்களும் தபால்காரரும் அப்படித்தான். போன் வீட்டில் சார்ஜில் கிடந்ததால் படம் எடுக்க வழியில்லை; வீடு திரும்பிய பிறகுதான் கலாஜினிக்குப் போன் எடுத்துச் சொன்னான்.

மறுநாள் கலாஜினிக்கு ஓய்வு. பிள்ளையின் கண்ணில் படாமல், கையைக் கட்டிக்கொண்டு, பொலிஸ்காரி மாதிரிப் பின்னால் வந்தாள். முதல் ஒழுங்கையில் அகீலாவின் கண் மூடியது. இரண்டாவதில் மெல்லிய குறட்டையும் வந்தது. வெற்றியோடு தினேஸ் திரும்பிப் பார்த்தால், மனைவியைக் காணவில்லை.

மதகுக் கட்டில் இருந்தபடி, லைற் கம்பத்தில் தலை சாய்த்து, அவள் ஆழ்ந்த நித்திரையில் கிடந்தாள். பிள்ளை பிறந்ததிலிருந்து ஒரு முழு நித்திரை கண்டிராதவள். தினேஸ் அவளை எழுப்பவில்லை. மெட்டை நிறுத்த வேண்டாம் என்று றிப்ஷானுக்குக் கைகாட்டினான். மாமி பாண் சுற்றின பேப்பரால் அவளைக் கடிக்க வந்த நுளம்பை விரட்டினா.

கலாஜினி கண் விழித்தபோது நன்றாக இருட்டிவிட்டது. வாயோரத்தைத் துடைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தாள். கணவனின் தோளில் மகள் துணி போலத் துவண்டு கிடந்தாள்.

"கனநேரமா படுத்திட்டன்?"

"றிப்ஷான் பாணெல்லாம் வித்து முடிச்சிட்டான்."

அவள் மகளின் முதுகைத் தொட்டுப் பார்த்தாள். மூச்சு சீராக வந்தது.

"மேட்ரனிட்ட நான் ஒண்டும் சொல்லல்ல. நாளைக்கு டியூட்டிக்குப் போறன்" என்றாள். பிறகு, மாமிக்குக் கேட்காத குரலில் சொன்னாள்: "ஓம், நடந்ததுதான். அந்தக் கிடாய் ஆடும் படுத்துத்தான் இருக்கும்."