இரண்டு மணி ஜெபம்

காலையில் நடப்பதற்கென்று என் வீட்டுக்காரர் செல்வதுரை வாங்கிய ஷூவுக்குள் பூனை குட்டி போடாததுதான் பாக்கி. தினமும் நடந்தால் சுகர் இறங்கும் என்று டாக்டர் சொன்னபோது அவரைவிட நான்தான் சந்தோஷப்பட்டேன். இவருக்குக் கப்பல் ஏஜென்சியில் வேலை. கப்பல் வந்தால் வீடு மறந்துபோகும். கடற்கரை ரோட்டில் நடக்கிற நேரமாவது எனக்கென்று இருப்பார் என்று ஆசைப்பட்டேன்.

கெடுத்தது சங்கிலி ஜெபம். இரவும் பகலும் ஜெபம் அறுந்துபோகக் கூடாதென்று எங்கள் சபையில் ஆளுக்கு அரை மணி நேரமாகப் பிரித்துக்கொண்டார்கள். அவரவர் இருக்கிற இடத்திலேயே முழங்கால் போடலாம். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களுக்கென்று தொடங்கியதை நிறுத்த எங்கள் போதகர் ஐயருக்கு மனசு வரவில்லை, வருஷம் முழுக்க நீட்டிவிட்டார். இரவு இரண்டு மணிக்கு யார் என்று அவர் கேட்டபோது கோவிலே தலையைக் குனிந்துகொண்டது. முன்வரிசையில் உட்கார்ந்த பாவத்துக்கு இவர் கையைத் தூக்கினார்.

அதோடு தூக்கம் இரண்டு துண்டாகிவிட்டது. ஜெபித்துவிட்டுப் படுத்தால் விடியும்வரை புரளுவார், விடிந்த பிறகு அடித்துப்போட்டதுபோல் தூங்குவார். எழுப்பினால் சண்டை. சாயங்காலம் நடக்கலாமென்றால் சோபாவிலேயே தலை தொங்கும். சோர்வு தீர மக்ரூன், மிக்சர் என்று கை தானாக டப்பாவுக்குப் போகும். சுகர் ஏறியது. நேரத்தை மாற்றிக் கேளுங்கள் என்றால், ஜெபத்துக்குச் சோம்பல்பட்டவன் என்று சபை பேசுமாம். எனக்குப் பயமாக இருந்தது. இவருடைய அப்பாவும் சுகரில்தான் போனார்.

பெண்கள் சங்கக் கூட்டத்தில் அனுஜா பக்கத்தில் உட்கார்ந்து புலம்பினாள். அவள் புருஷன் ரெக்சன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், எப்போதும் நைட் ஷிப்ட். விடிந்து வந்து படுக்கிறவன் பகல் பதினொரு மணிக்கு எழுந்து ஜெபிக்க வேண்டியிருந்தது. வாலிபால் என்றால் உயிரை விடுகிறவன் இப்போது பந்தையே தொடுவதில்லையாம். மாற்றிக் கேட்க அவனுக்கும் வெட்கம். இரவு இரண்டு மணிக்கு என்ன செய்வான் என்று கேட்டேன். சாப்பாட்டு இடைவேளை, சும்மாதான் இருப்பான் என்றாள். பழம் நழுவிப் பாலில் விழுந்தது. அங்கேயே இரண்டு பேரும் புருஷன்மாரின் ஜெப நேரத்தை மாற்றிக்கொண்டோம்.

கேட்டதும் இவர் குதித்தார்.

"ஏளா, ஐயருக்குத் தெரிஞ்சா என்ன நெனைப்பாவ?"

"ரெக்சன் ஜெபிச்சாலும் ஆண்டவருக்குக் கேக்கும். எனக்கு நீங்க உசுரோட வேணும்."

மறுநாளிலிருந்து ஆபீசில் எல்லோரும் டீக்குப் போகிற பதினொரு மணிக்கு அறைக் கதவைச் சாத்திக்கொள்ள ஆரம்பித்தார். பழக்கத்தில் சில இரவுகளில் இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்தார். பிறகு அதுவும் நின்றது.

ஒருநாள் விடியற்காலையில் யாரோ என் காலை ஆட்டினார்கள். பார்த்தால் இவர், குளித்துத் தலை சீவி நிற்கிறார்.

"எந்திரிளா, வெயில் வந்துரும்."

கடற்கரை ரோட்டில் கொஞ்ச தூரம் நடந்தார். அப்புறம் தொப்பை குலுங்க ஓடவே ஆரம்பித்தார். எனக்கு மூச்சு வாங்கியது, சிரிப்பும் வந்தது. எதிரே நடந்து வந்தவர் எங்கள் ஐயர். ராத்திரி ஜெபத்துக்கும் எழும்பிவிட்டு இந்த ஓட்டமா என்று ஆச்சரியப்பட்டார். போச்சு, இவர் வெட்கப்பட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவார் என்று நினைத்தேன்.

"ரெண்டு மணிக்கு இப்ப ரெக்சன் ஜெபிக்கான், ஐயா. நான் நல்லாத் தூங்குதேன்" என்றார் இவர்.

சொல்லிவிட்டு நான் நின்ற இடத்துக்கு வந்து என் கையைப் பிடித்தார். கல்யாணமான நாளிலிருந்து ரோட்டில் என் கையைப் பிடித்தவரில்லை. ஐயர் பார்க்கிறார் என்று முணுமுணுத்தேன். பிடியை விடாமல் என்னையும் இழுத்துக்கொண்டு ஓடினார்.