கோணல் கட்டைக்கு ஒரு வக்காலத்து

மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, பழைய ரப்பர் தோட்டத்துக்குள் இருக்கும் பலகைக் கம்பெனியில் மரம் அறுக்கும் வாள் ஓட்டுகிறவள் சாந்தினி. வாள் நின்றால் அவளோடு சேர்த்து நான்கு பெண்களுக்கு வேலை போய்விடும். அதை நிறுத்துவதென்றுதான் முதலாளி ஜெயபாலன் முடிவு கட்டியிருந்தார்.

காரணம் மரம். நல்ல மரமெல்லாம் பெரிய கம்பெனிகளுக்குப் போய்விட, இவர்களுக்கு வந்து சேர்ந்தவை கிழட்டுப் பால்மரங்கள். பால் சீவிய கத்தித் தழும்பும் முடிச்சும் கோணலுமாக, ஒன்றாவது ஒழுங்காக இல்லை. எட்டடிப் பலகைக்கு அறுத்தால் பாதி கழிவாகிறது.

"செங்கல் சூளைக்கு வெறகா ஏத்திட வேண்டியதுதான்" என்றார் ஜெயபாலன்.

சாந்தினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எட்டடிப் பலகை யாருக்கு வேண்டும்? நாற்காலிக் கால் ஒன்றரை அடிதானே! கட்டையை வளைகிற இடத்திலேயே முதலில் துண்டு போட்டுவிட்டால், ஒவ்வொரு துண்டும் ஏறக்குறைய நேராகிவிடும். அதை அறுத்து, முடிச்சை ஒதுக்கி, பூச்சி மருந்தில் முக்கிக் காயவைத்தால் கால், கை, சட்டம் எல்லாம் கிடைக்கும். தொண்டை வற்றச் சொல்லிப் பார்த்தாள்.

"குச்சி அறுக்கவா கம்பெனி வச்சிருக்கேன்? அதுல செஞ்ச நாற்காலி ஒக்காந்ததும் ஒடஞ்சிரும் லா."

இந்த மாதிரி ஆளிடம் வாயால் பேசிப் பயனில்லை. சாப்பாட்டு நேரத்தில் பெண்களோடு சேர்ந்து கோணல் கட்டைகளை அறுத்தாள். துண்டுகள் காய்ந்ததும் கோத்து ஒரு நாற்காலி செய்தாள்.

சூளைக்குக் கட்டை ஏற்றிக்கொண்டு டிரைவர் சீனி லோரியைக் கிளப்பிய காலையில், அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் கேட்டுக்கு நடுவில் போட்டு உட்கார்ந்தாள்.

சீனி ஹாரன் அடித்தான். "அக்கா, வழி விடுங்க லா!"

ஜெயபாலன் ஓடிவந்தார். "எந்திரி சாந்தினி! லோரிய மறிக்கிறியா?"

"ஒக்காந்ததும் ஒடஞ்சிரும்னு நீங்கதானே அண்ணே சொன்னீங்க? ஒடையட்டும். ஒடஞ்ச மறுநிமிஷம் எந்திரிச்சு வழி விடுறேன்."

சொல்லிவிட்டு வேண்டுமென்றே ஒரு குலுக்கு குலுக்கினாள். நாற்காலி முனகக்கூட இல்லை. மற்ற மூன்று பெண்களும் வந்து அவளுக்குப் பின்னால் நின்றார்கள். ஜெயபாலன் குனிந்து நாற்காலிக் காலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அசைந்தது அவர் தொப்பைதான்.

வெயில் ஏறியது. கடைசியில் சீனியே இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினான். "மொதலாளி, இது சூசா லா, ரொம்பக் கஷ்டம். ஏத்துனத எறக்கிடவா?"

ஜெயபாலன் நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றார். "எறக்கு" என்றார், யாருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோல.

எல்லாருக்கும் கேட்டது. சாந்தினி அப்போதும் எழுந்திருக்கவில்லை. கடைசிக் கட்டை தரையில் விழும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.