மண்புழுவுக்கு வந்த ஆர்டர்

கரப்பான் பூச்சியை யார் டி-சர்ட்டில் போட்டுக்கொண்டு திரிவார்கள் என்று இளவரசு யோசிக்கவே இல்லை. அவர் மனைவி எழிலரசி வரைந்ததிலேயே அதுதான் அழகாக இருந்தது. அதைத்தான் முதலில் இணையத்தில் ஏற்றினார்.

எழிலரசி சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் விலங்கியல் டீச்சராக இருந்தாள். தினமும் காலையில் கடலூரிலிருந்து பஸ் ஏறிப் போவாள். தவளை, இதயம், மண்புழு, எது பாடமோ அதைக் கலர் சாக்பீஸால் கரும்பலகை முழுக்க வரைவாள். அடுத்த வகுப்புக்கு வரும் கணக்கு வாத்தியார் டஸ்டரை எடுப்பதற்குள் தன் செல்போனில் ஒரு படம் பிடித்துக்கொள்வாள். யாருக்கும் அனுப்பியதில்லை, இளவரசுவிடம்கூடக் காட்டியதில்லை. ஒரு நாள் பள்ளிக்கூடத்திலேயே மயங்கி விழுந்தாள். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. பிள்ளை குட்டி இல்லாத வீடு. பிறகு ஒரு நாள் அவள் போனைத் திறந்து பார்த்தார். தன் முகத்தையும் அவள் முகத்தையும் தேடியவருக்குக் கிடைத்ததெல்லாம் பூச்சியும் புழுவும்தான்.

பகலில் இளவரசுவுக்குத் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு உரக்கடையில் பில் போடுகிற வேலை. வீட்டுக்கு வந்தால் ஒரு ஆளுக்குச் சோறு வடிக்கும் அளவு அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. மிஞ்சியதில் தண்ணீர் ஊற்றி மறுநாளும் அதையே சாப்பிடுவார். சாப்பிடும்போது போனில் எதையாவது ஓடவிடுவது பழக்கமாகிவிட்டது. அப்படித்தான் அந்த வீடியோ வந்தது. நம்மிடம் உள்ள படத்தை இணையச் சந்தையில் ஏற்றினால் போதுமாம். யாராவது ஆர்டர் போட்டால் எங்கோ ஒரு ஊரில் டி-சர்ட்டிலோ கப்பிலோ அச்சடித்து, அங்கிருந்தே பார்சல் போய்விடுமாம். கடைக்காரர் சரக்கையும் பார்க்க வேண்டாம், வாங்குகிறவரையும் பார்க்க வேண்டாம்.

அந்தக் கடைசி வார்த்தை அவருக்குப் பிடித்திருந்தது. எழிலரசி போனதிலிருந்து அவளைப் பற்றி எதை எடுத்தாலும் எதிரே இருப்பவர்கள் அவர் முகத்தைத்தான் பார்த்தார்கள். அவள் எழுதிய பால் கணக்கைக் காட்டினால்கூட, "எவ்ளோ நல்லா எழுதியிருக்கு" என்று கண் கலங்கினார்கள். அவள் செத்ததும் தெரியாத, இருந்ததும் தெரியாத ஒருவர் அந்தப் படத்தைப் பார்த்து, இது எனக்கு வேண்டும் என்று நினைக்க வேண்டும். ஒரே ஒரு ஆள் போதும். இளவரசு கடை திறந்தது அதற்காகத்தான்.

டியூப் லைட் வெளிச்சம் பலகையில் பட்டு வெள்ளையாகத் தெரிந்த இடங்களைப் போனிலேயே தேய்த்துத் தேய்த்து எடுத்தார். கறுப்புத் துணிக்குக் கரும்பலகை அப்படியே பொருந்திப் போனது. உணர்கொம்பு, கால், இறக்கை என்று அவள் அம்புக்குறி போட்டு எழுதியிருந்த தமிழ்ப் பெயர்களை அப்படியே விட்டுவிட்டார்.

ஆர்டர் எதுவும் வரவில்லை. காலையில் டீ குடிக்கும்போது ஒரு முறை பார்ப்பார், உரக்கடையில் மூட்டை இறங்கும் நேரத்தில் ஒரு முறை பார்ப்பார். யாரோ ஒருவர் தவளையைத் திறந்து பார்த்ததாக ஒரு நாள் காட்டியது. அன்றைக்கு முழுக்க அந்த ஆளைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தார். பிறகு ஞாபகம் வந்தது, காலையில் தவளையைத் திறந்தது அவரேதான்.

முதல் வருஷத் தெவசத்தை எழிலரசியின் தம்பி தில்லைநாதன் சிதம்பரத்தில் தன் வீட்டில் வைத்துச் செய்தான். படையல் முடிந்து பந்தி நடக்கும்போது, "ராத்திரி பகலா போன்ல என்னா மாமா பாத்துக்கிட்டிருக்க?" என்று அவன் கேட்க, இளவரசு வாய்தவறிச் சொல்லிவிட்டார். போன் கைமாறிக் கைமாறிப் பந்தி முழுக்கச் சுற்றியது.

"என்னா மாமா இது, கரப்பாம்பூச்சி! இத போட்டுக்கிட்டு நான் கல்யாணத்துக்குப் போனா பொண்ணு வூட்டுக்காரன் செருப்பால அடிப்பான்."

"உன் மூஞ்சிக்கு அதுவாச்சும் எடுப்பா இருக்கும்டா," என்றாள் அவன் மனைவி சத்யப்பிரியா, பாயசத்தை ஊற்றிக்கொண்டே. "அண்ணே, அந்தப் பட்டாம்பூச்சி எனக்கு ஒண்ணு."

எழிலரசியின் சித்தப்பா தங்கராசு கீரப்பாளையத்திலிருந்து வந்திருந்தார். அவர் சிரிக்கவில்லை. போனைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு, "நம்ம புள்ள போட்ட படம். மாப்ள கட தொறந்திருக்காரு, நாம செய்ய வேணாமா?" என்றார்.

"வேணாம் மாமா, நீங்கள்ளாம் வாங்க வேணாம்," என்றார் இளவரசு.

"யோவ் மாப்ள, மொய் வேணாம்னு எவனாச்சும் சொல்லுவானா?"

மறுநாளே ஆர்டர் வந்து குவிய ஆரம்பித்தது. கடைக்காரருக்கு வாங்கியவரின் பெயர் தெரியாது, ஊரும் பின்கோடும் மட்டும்தான் தெரியும். சிதம்பரம், கீரப்பாளையம், புவனகிரி, சிதம்பரம், கீரப்பாளையம். இளவரசு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு யூரியாவுக்குப் பில் போட்டார்.

பார்சல்கள் போய்ச் சேர்ந்ததும் பொருளைப் பற்றிக் கருத்து எழுதும் இடத்தில் ஒவ்வொருவராக எழுதினார்கள். துணி எப்படி, அளவு எப்படி என்று ஒருவர்கூட எழுதவில்லை. மொய் எழுதுகிற இடத்தில் சொல்வதுபோல ஊரை முன்னால் போட்டுப் பேரை எழுதியிருந்தார்கள். 'கீரப்பாளையம் தங்கராசு குடும்பத்தார்.' 'புவனகிரி அய்யனார், மளிகைக் கடை.' 'சிதம்பரம் தில்லைநாதன் – சத்யப்பிரியா, மைத்துனன் முறை.' எல்லாருமே ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார்கள். இளவரசு படித்துக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் சிரித்துவிட்டார். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகுநாளாகியிருந்தது. அவருக்கே ஒரு மாதிரி இருந்தது.

அதற்கு அடுத்த வாரம்தான் மண்புழுவுக்கு ஒரு ஆர்டர் வந்தது.

மண்புழுவை உறவில் யாரும் தொடவில்லை. வளையம் வளையமாக, ஈரம் மின்னுகிற மாதிரி வெள்ளைச் சாக்பீஸால் மேலே ஒரு கோடு இழுத்து, அவள் மிகவும் பொறுமையாக வரைந்திருந்த படம் அது. இளவரசு ஊரைப் பார்த்தார். தேஜ்பூர், அசாம். அங்கே உறவு கிடையாது, உறவுக்கு உறவும் கிடையாது. அந்த ஆளுக்குத் தமிழ் எழுத்து கோலமாகத்தான் தெரியும். எழிலரசியைத் தெரியாது, இளவரசுவைத் தெரியாது, பரிதாபப்பட ஒரு காரணமும் கிடையாது. மண்புழு பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். உரக்கடை வாசலில் இறங்கி, வெயிலில் சும்மா கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார்.

படம் இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்று காட்டியது. மறுநாளும் அப்படியே இருந்தது. அதற்கு மறுநாள் கடையே இல்லை.

கருத்துகள் ஒரே வட்டாரத்திலிருந்து ஒரே சமயத்தில் ஒரே தினுசாக வந்திருப்பதால் அவை போலி என்று சந்தேகப்படுவதாகவும், கடையை நிறுத்தி வைத்திருப்பதாகவும், அனுப்பாமல் இருக்கும் ஆர்டர்கள் ரத்தாகிவிட்டதாகவும் தகவல் வந்திருந்தது. விளக்கம் கொடுக்கலாமாம். வாங்கியவர்களை உங்களுக்குத் தெரியுமா என்பது கேள்வி.

இளவரசு இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து ஆங்கிலத்தில் பதில் எழுதினார். யாருமே போலி இல்லை, எல்லாரும் உயிரோடு இருக்கிற மனிதர்கள் என்று தொடங்கினார். இவர் என் மனைவியின் அப்பாவுக்குத் தம்பி, இவர் என் மனைவியின் தம்பி, இவர் அந்தத் தம்பி மனைவிக்குப் பெரியம்மா மகன் என்று ஒருவர் விடாமல் முறை சொல்லி எழுதினார். அசாம்காரரை மட்டும் எனக்குத் தெரியாது, அவருக்கு மட்டுமாவது அனுப்பிவையுங்கள் என்று முடித்தார்.

உறவினர்கள் கருத்து எழுதுவது விதிக்கு விரோதம், கடை நிரந்தரமாக மூடப்படுகிறது என்று பதில் வந்தது. அசாமைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

தேஜ்பூர்க்காரருக்கும் ஒரு தகவல் போயிருக்கும். அவர், சரி போகட்டும் என்று வேறு எதையாவது வாங்கியிருப்பார். அவரைக் கூப்பிட நம்பர் இல்லை, பெயர்கூட இல்லை. ஆணா பெண்ணா என்பதுகூடத் தெரியாத அந்த ஒருவரைத்தான் இளவரசு பல நாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேறொரு இணையச் சந்தையில் புதுக்கடை திறக்க விவரம் எழுதிக்கொண்டிருந்தபோது தில்லைநாதன் கூப்பிட்டான்.

"மாமா, இன்னிக்கு அந்தக் கரப்பாம்பூச்சிய போட்டுக்கிட்டுக் மீன் கடைக்குப் போனேன். எல்லாரும் எங்க வாங்குனன்னு கேக்குறானுவ. இன்னும் நாலு பேர சேத்து வுடட்டுமா?"

"கடைய மூடிட்டேன் மச்சான்."

"ஏன் மாமா? நாங்க எதுனா தப்பு பண்ணிட்டமா?"

எதிர்முனையில் மிக்சி ஓடும் சத்தமும், "யாரு, அண்ணனா? சாப்புட வரச் சொல்லு" என்ற சத்யப்பிரியாவின் குரலும் கேட்டன.

"உங்க மேல என்னா தப்பு. எனக்குத்தான் வேல ஜாஸ்தி, பாக்க முடியல."

"சரி வுடு மாமா. சும்மா பொழுது போவட்டும்னுதான நீயும் பண்ண? சுறா வாங்கியிருக்கேன், வா. பஸ் ஏறு."

"இன்னொரு நாளைக்கு வரேன்."

"நீ எப்பவும் இதத்தான் சொல்ற."

போனை வைத்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். கடைக்குப் பெயர் கேட்ட இடத்தில் எழிலரசியின் பெயரைப் போடவில்லை, தன் பெயரையும் போடவில்லை. தில்லைநாதன் தேடினாலும் கிடைக்காத மாதிரி ஏதோ ஒரு பெயரைப் போட்டார். மண்புழுவை மட்டும் ஏற்றினார். ஏறி முடிந்ததும் படத்துக்குக் கீழே, இதுவரை யாரும் பார்க்கவில்லை என்று வந்தது.

அவர் தவறிப்போய்க்கூட அதைத் திறந்துவிடாமல் போனைத் தள்ளி வைத்துவிட்டு, அரிசி களையப் போனார்.